இதுலயும் இல்ல

இன்னாசி செத்த ஆறாம் மாதம், அவன் விட்டுப்போன சிடிகளில் பூஞ்சை பூக்கத் தொடங்கியபோதுதான், ஜெனோவா அந்தப் பெட்டியைச் செய்வதென்று முடிவெடுத்தாள். தூத்துக்குடியில் கடலோரத்தில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு, உப்பளத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்புகள் கட்டி எங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அதில் சி பிளாக் எங்களுடையது. அந்த சி பிளாக்கின் கீழ்த்தளத்தில் பதினாறு வருடம் சிடி வாடகைக்கு விட்டவன் இன்னாசி. சிடியின் காலம் முடிந்து எல்லோரும் கைபேசியில் படம் பார்க்க ஆரம்பித்த பிறகு கடையை மூடினானே தவிர, ஒரு சிடியைக்கூடத் தூரப் போட மனம் வராமல், பதினேழு அரிசிச் சாக்குகளில் கட்டிக் கட்டிலுக்கு அடியிலும் கட்டிலுக்கு மேலும் பீரோவுக்குப் பின்னாலும் அடுக்கிவைத்து, மிச்ச இடத்தில் தானும் மனைவியும் படுத்துக்கொண்டான். ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஜெனோவாவும் பதினேழு சாக்குகளும் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு வருடம் வேலை பார்த்தவள். அதனால் கணினியைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. பழைய கணினிகள் வாங்கி விற்கும் சாபி பாயின் கடைக்குப் போய், வெயிலில் நின்றபடியே சொன்னாள்.

"பாய், படம் எல்லாத்தையும் ஒரே பெட்டில போட்டு வைக்கணும். எங்க டிவிலயும் பாக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க வீட்டுல இருந்தும் பாக்கணும். புதுசா வாங்க வழியில்ல."

"எத்தன படம் தங்கச்சி?"

"ஆயிரத்து நூத்திச் சொச்சம்."

சாபி பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "படம் ஓடுனாப் போதுமா, பெட்டியும் பளபளன்னு இருக்கணுமா?"

"பெட்டி எப்படி இருந்தா என்ன பாய், லாஃப்ட்ல கிடக்கப் போவுது."

"அப்பச் செய்யலாம்."

இன்னாசியின் கடையிலிருந்த இரும்பு அலமாரிகளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று, அதற்கு ஒரு பக்கத்துத் தகடு இல்லை. வேறொரு கணினியிலிருந்து பிடுங்கிய ரேம். ஒரு நகைக்கடையின் கண்காணிப்பு கேமராவில் ஓடித் தேய்ந்த இரண்டு ஹார்டு டிஸ்க். "ஆறு வருஷம் ராப்பகலா கள்ளனப் பாத்துக்கிட்டே முழிச்சிருந்த டிஸ்க்கும்மா இது. இனியாவது படம் பாக்கட்டும்" என்றார். உப்புக்காற்று உள்ளே போனால் ஒரே வருடத்தில் எல்லாம் துருப்பிடித்துவிடும் என்று சொல்லி, காற்றாடி இருக்கும் இடத்தில் கட்டுவதற்கு மெல்லிய துணியும் கொடுத்தார். இல்லாத பக்கத்துத் தகட்டுக்கு ஜெனோவா கடையின் பெயர்ப்பலகையைத் தகரக் கத்தரியால் வெட்டி மாட்டினாள். காசு கொடுக்காமல் கிடைக்கிற மென்பொருளைப் போட்டு, சமையலறை லாஃப்ட்டில் ஏற்றி, ஒயரைச் சன்னல் வழியாக மாடிப்படிக்கு இறக்கி, எல்லா வீட்டுக்கும் சிக்னல் போகிற மாதிரி ஒரு ரவுட்டரை நடுமாடியில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம், தினமும் ஐந்தாறு சிடிகளை எடுத்து, சோப்புத் தண்ணீரில் பூஞ்சையைக் கழுவி, இன்னாசியின் பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓரத்துக்கு என்று துடைத்து, கீறல் விழுந்ததற்குப் பற்பசை தடவி, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏற்றினாள். சில சிடிகள் பாதியில் நின்றுவிடும். அவற்றைத் திட்டாமல் ஒரு தரம், இரண்டு தரம், ஏழு தரம் என்று போட்டுப் பார்ப்பாள். கடைசிச் சாக்கு காலியான அன்று, வீடு இவ்வளவு பெரியதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று சாயங்காலம் சி பிளாக்கின் பதினெட்டு வீட்டு டிவியிலும் இன்னாசியின் படங்கள் வந்தன.

நாலாவது நாள், கீழ்வீட்டு ரோசலி இறால் உரித்துக்கொண்டே ஏதோ குடும்பப் படம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏ, யாராவது வாங்கட்டி, எங்க அக்கா கத்திரிக்கா வாங்குதா" என்று குரல் கொடுத்தாள். நாங்கள் போய்ப் பார்த்தோம். கதாநாயகி கூடையோடு சந்தையில் நடந்துபோகிற காட்சியில், அவளுக்குப் பின்னால், செத்துப் பதினொரு வருடமான ரோசலியின் அக்கா குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான். அந்த ஊதாச் சேலையும் அவளுடையதுதான். "முத்தலா வாங்கிராதக்கா" என்று சொல்லிவிட்டு ரோசலி மறுபடியும் இறாலுக்குத் திரும்பினாள், ஆனால் தலையை வைத்துக்கொண்டு உடம்பைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஜெனோவா, கோர்ட்டுக் காட்சி ஒன்றில், மூன்றாவது பெஞ்சில், வக்கீல் கத்திக்கொண்டிருக்கும்போது சாவியை விட்டுக் காதைக் குடைந்துகொண்டிருந்த இன்னாசியைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. அவள் கரண்டியோடு டிவிக்கு முன்னால் போய் நின்று, "காதுல சாவிய விடாதியன்னு எத்தன தரம் சொல்லிருக்கேன்" என்றாள். தீர்ப்பு வந்து எல்லோரும் எழுந்து போகும்வரை அங்கேயே நின்றாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்று அதைத்தான் சாப்பிட்டாள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதே படங்கள் வேறு சேனலில் வரும்போது, எங்கள் ஆட்கள் அதில் இருப்பதில்லை. இந்தப் பெட்டியிலிருந்து வரும்போது மட்டும் இருந்தார்கள். அவர்கள் யாரும் பேசவில்லை, அழவில்லை, நடிக்கவும் இல்லை. படத்தில் கூட்டம் என்று ஒன்று எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் நின்றார்கள், சந்தையில், தேரோட்டத்தில், ரயில் நிலையத்தில், கல்யாணப் பந்தியில். ஏன் என்று நாங்கள் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. செத்தவர்கள் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். யோசிக்க வேண்டிய வேலைகள் வேறு வந்துவிட்டன. யார் எந்தப் படத்தில், எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறார்கள் என்று மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பிறகு அது பத்துத் தாள் ஆனது. கல்லறைத் திருநாளன்று கல்லறைக்கு எடுத்துப்போன மெழுகுதிரியில் பாதியை மிச்சம் பிடித்து வந்து டிவிக்கு முன்னால் ஏற்றினார்கள், அதில் ஒரு டிவி உருகியது. இரண்டாம் தாரம் கட்டியிருந்த அந்தோணிப்பிச்சை, முதல் மனைவி திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற படத்தைத் தினமும் போட்டதால், இரண்டாமவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் அவளுடைய அம்மாவே செத்துப்போய் அதே திருவிழாவில் வந்து நின்றபோது திரும்பி வந்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள். பங்குச் சாமியாரிடம் இது பாவமா என்று கேட்டோம். அவர் அடுத்த வியாழக்கிழமை மதியம் குடையோடு வந்து, "எங்கம்மாவுக்கு இடது கன்னத்துல ஒரு மறு உண்டு, அப்படி யாராவது..." என்று இழுத்தார்.

வாழ்நாளில் ஒரு எறும்பை மிதிக்காத சவேரியார்பிச்சை மட்டும் ஒரு சண்டைப் படத்தில் வில்லனின் அடியாட்களோடு நின்று, போடும்போதெல்லாம் கதாநாயகனிடம் அடிவாங்கினார். அவர் மனைவி ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய உடம்பு தாங்காதும்மா, அதுல இருந்து எடுத்து விட்டுரு" என்று கெஞ்சினாள். ஜெனோவா அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து அழித்தாள். மறுநாள் சவேரியார்பிச்சை வேறொரு படத்தில், ஒரு கோயில் யானைக்குப் பக்கத்தில், வாழைப்பழத்தோடு நின்றார். ஒரு படத்தை எடுத்தால் அதில் இருந்தவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

செத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்பதும் தெரிந்தது. குவைத்தில் இருந்து பேசாமல் விட்ட பிள்ளைகள் வரவில்லை. கோபித்துக்கொண்டு திருப்பூருக்கு ஓடிப்போனவர்கள் வரவில்லை. ஆனால் கோயில் உபதேசியார் தொபியாஸ், ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சாக, அந்தச் செய்தி போனில் வருவதற்கு முன்பே, ரோசலி வீட்டு டிவியில், ரயில் நிலையக் காட்சியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ரோசலி வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு மெதுவாக மாடிப்படியைப் பார்த்தாள். இரண்டாம் மாடியில் மெர்சலின் இருந்தாள்.

மெர்சலினின் புருசன் கிளாட்வின் கடலுக்குப் போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. புயல் வந்த வாரம், ஒரு படகில் ஐந்து பேர் போனார்கள். நாலு பேருடைய உடம்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தது, கிளாட்வின் மட்டும் கிடைக்கவில்லை. நாலு வீட்டுக்கும் துக்க மணி அடித்தார்கள், அவள் வீட்டுக்கு மட்டும் அடிக்க விடவில்லை. அப்போது அவளுக்கு ஆறு மாதத்தில் அனிலா என்ற பெண்குழந்தை. கிளாட்வினை ஏதோ கப்பல்காரன் தூக்கியிருப்பான், மாலத்தீவிலோ வேறெங்கோ பேர் தெரியாத ஜெயிலில் இருப்பான், அல்லது தலையில் அடிபட்டு ஊர் மறந்திருப்பான் என்று அவள் சொன்னாள். இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கையெழுத்துக் கேட்டு அதிகாரிகள் இரண்டு தரம் வந்தார்கள். இரண்டு தரமும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "ஆள் இருக்காவ சார்" என்று சொல்லி அனுப்பினாள். அவனுடைய போன் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள்.

பெட்டி வந்த முதல் மூன்று மாதம் அவள் எந்தப் படமும் பார்க்கவில்லை. டிவியைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தாள். தொபியாஸ் செத்து மூன்றாம் நாள், மீன் கம்பெனி வேலை முடிந்து வந்தவள் நேராக ஜெனோவா வீட்டுக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"யக்கா, முதல்ல இருந்து போடு. எல்லாத்தையும் பாக்கணும்."

"எதுக்குட்டி?"

"அவிய எதுலயும் இல்லன்னு பாக்கணும்."

அன்றிலிருந்து தினமும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்று. பாட்டுகளை ஓட்டிவிடுவாள், காதலர்கள் தனியாக இருக்கும் காட்சிகளை ஓட்டிவிடுவாள், கூட்டம் வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் போய், இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பார்ப்பாள். படம் முடிந்ததும் மாடிப்படியில் நின்று, யாரிடம் என்றில்லாமல், "இதுலயும் இல்ல" என்பாள். முதலில் எங்களுக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. போகப் போக, அது ஒரு நல்ல செய்தி மாதிரி ஆகிவிட்டது. "மெர்சலின், என்ன ஆச்சு?" என்று கேட்போம். "இதுலயும் இல்ல" என்பாள். "நல்லது தாயி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். இருநூறு படம், நானூறு படம், எழுநூறு படம் என்று ஆக ஆக அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. எட்டு வருடம் கழித்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். ஜெனோவா ஒவ்வொரு தரமும் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும். புருசன் போன இரண்டு பெண்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், ஆனால் ஒருத்திதான் அப்படி என்று மெர்சலின் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதம், ஒரு காலை பதினொரு மணிக்கு, ஜெனோவா தனியாக இருந்தபோது, சரியாக ஏறாமல் இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடி சிடியிலிருந்து ஏற்றிவிட்டு, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தாள். கதாநாயகி கப்பலேறி அக்கரைக்குப் போகிற காட்சி. துறைமுகத்தில் வழியனுப்ப நூறு பேர் நின்று கை அசைக்கிறார்கள். அந்த நூறு பேரில், முன்வரிசையில், இடது தோள் கொஞ்சம் இறங்கி, கிளாட்வின் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இன்னாசி நின்றான். இன்னாசியின் கை கிளாட்வினின் முதுகில் இருந்தது.

ஜெனோவா டிவியை அணைத்துவிட்டு, அது அணைந்துதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து அழித்தாள். அந்தச் சிடியை மட்டும் உடைக்க முடியாமல் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். மெர்சலின் சாயங்காலம் வந்து, "யக்கா, அந்தக் கப்பல் படம் சரியாயிருச்சா?" என்று கேட்டபோது, "சிடியே போயிருச்சுட்டி, ஓடாது" என்றாள்.

சவேரியார்பிச்சைக்கு நடந்தது அவளுக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலை மெர்சலின் கம்பெனிக்குப் போனதும் உட்கார்ந்து தேடினாள். ஒரு கல்யாணப் பந்தியில் கிளாட்வின் இலைக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அழித்தாள். சைக்கிள் பந்தயக் கூட்டத்தில் நின்றான். அழித்தாள். வெள்ள நிவாரண வரிசையில் நின்றான், தேர்தல் கூட்டத்தில் நின்றான், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றான். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனாள். தொண்ணூறு படம் போன பிறகுதான், எங்களுக்கு ஒன்று புலப்பட்டது: மிச்சமிருக்கிற படங்களில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. அழித்த படங்களின் ஆட்கள் எல்லாம் இருக்கிற படங்களுக்குள் வந்து நெருக்கினார்கள். ஒரு மலை உச்சியில் காதலனும் காதலியும் தனியாக நிற்கிற காட்சியில், அவர்களுக்குப் பின்னால், எங்கள் பிளாக்கின் செத்தவர்கள் நாற்பது பேர், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சின்ன வீட்டின் அடுக்களைக் காட்சியில் ரோசலியின் அக்கா அம்மிமேல் ஏறி நின்றாள்.

"என்ன ஜெனோவா இது, எங்க ஆள இப்படி நெருக்கித் தள்ளுத?" என்று ரோசலி சண்டைக்கு வந்தாள். டிஸ்க் பழசு, படங்கள் தானாக அழிகின்றன என்று ஜெனோவா சொன்னாள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டியையே நிறுத்திவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. மூன்று தரம் ஸ்டூலைப் போட்டு லாஃப்ட்டில் ஏறினாள். மூன்று தரமும் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, இதை அணைத்தால் இன்னாசியை இனி எங்கே போய்ப் பார்ப்பது என்று நின்றுவிட்டு, வெட்கத்தோடு இறங்கினாள். அழிக்க அழிக்கக் கிளாட்வின் தூரப் போகவில்லை, மெர்சலினுக்குப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நாளில், எந்தப் படத்தைப் போட்டாலும் அதில் எல்லோரும் இருப்பார்கள், அவனும் இருப்பான். மே மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மெர்சலின் மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, ஜெனோவா டிவியைப் போடாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"போடுக்கா, நேரமாவுது."

"போடல. மெர்சலின், கிளாட்வின் தம்பி இருக்கான்டி."

மெர்சலின் கையிலிருந்த அவரையின் நாரை முழுதாக உரித்து முடித்தாள். "எதுல?"

"கப்பல் படத்துல."

"அது ஓடாதுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"எப்பப் பாத்த?"

"மார்ச் மாசம்."

மெர்சலின் அடுத்த அவரையை எடுத்தாள், உரிக்கவில்லை. "அன்னையில இருந்து தினமும் நான் வந்து, இதுலயும் இல்லன்னு சொன்னேன். நீ காப்பி போட்டுக் குடுத்த. நான் சிரிச்சேன், நீயும் கூடச் சேந்து சிரிச்சியேக்கா."

"எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியலட்டி."

"உன் புருசன் ராத்திரி சோறு தின்னுட்டு, காலையில உன் கண்ணு முன்னால உக்காந்து, நாலு பேரு தூக்கிட்டுப் போக, நீ அழுது முடிச்ச. அது முடிஞ்சவளுக்கு வேற என்ன தெரியும்?" முறத்தைக் கீழே வைத்தாள். உரித்த அவரை எது, உரிக்காதது எது என்று தெரியாமல் எல்லாம் கலந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள்.

பத்தொன்பது நாள் அவள் ஜெனோவாவிடம் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள். கம்பெனிக்குப் போனாள், வந்தாள், அனிலாவுக்குத் தலை பின்னினாள். ரீசார்ஜ் செய்யும் நாள் வந்தபோது போய்ச் செய்துவிட்டும் வந்தாள். நாங்கள் யாரும் டிவியைச் சத்தமாக வைக்கவில்லை. அந்த நாட்களில் ஜெனோவா இன்னாசியையும் பார்க்கவில்லை. பார்த்தால், கிளாட்வினின் முதுகில் இருந்த அந்தக் கை ஞாபகம் வந்தது என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மெர்சலின் கோயிலுக்குக் கட்டிப்போன பட்டுச்சேலையோடும், அனிலா வெள்ளைக் கவுனோடும் ஜெனோவாவின் வாசலில் வந்து நின்றார்கள். மெர்சலின் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவிய சட்ட நனைஞ்சிருந்துச்சா?"

"இல்லட்டி."

"நல்லாப் பாத்தியா?"

"காஞ்சிருந்துச்சு. இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. தல சீவியிருந்தான்."

மெர்சலின் தலையை ஆட்டினாள். ஒரு தரம் ஆட்டியவள் நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "போடுக்கா" என்றாள்.

ஜெனோவா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுச் சிடியை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, லாஃப்ட்டில் இருந்த பெட்டிக்குள் அதைப் போட்டு, முழுதாக ஏறும்வரை அங்கேயே நின்றாள். மெர்சலின் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை மடிக்குப் பெரியவள், கால் இரண்டும் தரையில் நீண்டுகிடந்தன. ஜெனோவா நேராக அந்தக் காட்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். வேண்டாம், அதுவா வரட்டும் என்றாள் மெர்சலின். அதனால் அவர்கள் மூன்று பேரும் ஒரு மணி நேரம், அந்தக் கதாநாயகி ஏழையாக இருந்ததையும், பாடியதையும், ஏமாற்றப்பட்டதையும், பெட்டியைக் கட்டியதையும் பார்த்தார்கள். பிறகு சங்கு ஊதியது. துறைமுகம் வந்தது.

கப்பலின் மேல்தளத்தில் கேமராவை வைத்து எடுத்த காட்சி அது. கீழே துறைமுகத்தில் நூறு பேர், ஆயிரம் பேர். அழித்த படங்களின் ஆட்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தார்கள். ரோசலியின் அக்கா, தொபியாஸ், சவேரியார்பிச்சை, சாமியாரின் அம்மா, எங்கள் அப்பாமார், எங்கள் பிள்ளைகள். எல்லோரும் கப்பலைப் பார்த்து, எங்களைப் பார்த்து, கை அசைத்தார்கள். முன்வரிசையில் இன்னாசிக்குப் பக்கத்தில் கிளாட்வின் நின்றான்.

"அப்பா" என்று மெர்சலின் பிள்ளையின் விரலைப் பிடித்து டிவியில் வைத்தாள். "அந்தா. இடது தோள் இறங்கி நிக்காவ பாரு. அதான் அப்பா."

அனிலா போட்டோவில் மட்டும் பார்த்திருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா கப்பல்ல ஏறலையா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"கப்பல்ல நாமல்லா இருக்கோம்" என்றாள் மெர்சலின்.

கப்பல் நகர்ந்தது. கரையில் நின்றவர்கள் மெதுவாகச் சிறிதாகத் தொடங்கினார்கள். ஜெனோவா பதறிப்போய் படத்தை நிறுத்த ரிமோட்டை எடுத்தாள். மெர்சலின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவில்லை. பிள்ளை, எல்லோரும் கை அசைப்பதைப் பார்த்து, தானும் கையைத் தூக்கி அசைத்தது. கிளாட்வின் ஒரு விரல் அளவு ஆனான், ஒரு நகம் அளவு ஆனான், பிறகு யார் கிளாட்வின் யார் இன்னாசி என்று பிரிக்க முடியாத ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தது, பிறகு தண்ணீர்.

அப்போதுதான் மெர்சலின் அழுதாள். எட்டு வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்த ஒப்பாரி அது, முதலில் சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தம் மூன்று மாடியும் ஏறி, உப்பளத்தில் வேலைசெய்தவர்களை நிமிர்ந்து பார்க்கவைத்தது. ரோசலி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, மெர்சலினின் கொண்டையை அவிழ்த்துவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அந்தோணிப்பிச்சை பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து கீழே முற்றத்தில் வரிசையாகப் போட்டான். யாரோ கோயிலுக்கு ஆள் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் துக்க மணி அடித்தது, விட்டு விட்டு, ஒவ்வொன்றாக. நாங்கள் ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பெண்கள் உள்ளே போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மணிச்சத்தம் கேட்டு, ஏ பிளாக்கிலிருந்து, விவரம் தெரியாத ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். துக்க வீட்டில் எல்லோரும் கேட்பதைப் போலவே மெர்சலினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எப்பம்மா போனாரு?"

"இப்பத்தான்" என்றாள் மெர்சலின்.